குலம் தேடுவதும் குணம் தேடுவதும்

ஊருக்குப் போனால் நம்மை நோக்கி வரும் முதல் கேள்வி, “தம்பி, நீங்க யார் பேரன்?” என்பதுதான். திண்ணையில் இருக்கும் பெரியவருக்கு நம் பெயர் வேண்டியதில்லை. நாம் என்ன தொழில் செய்கிறோம் என்பதும் வேண்டியதில்லை. பாட்டனார் பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் மலரும், அல்லது சுருங்கும். மலர்ந்தால் நமக்குப் பெருமை, சுருங்கினால் தலைகுனிவு. இரண்டுக்கும் நாம் செய்த காரியம் ஒன்றுமில்லை.

இதைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. முன்னோரைத் தேடி அறிவது நல்ல காரியந்தானா? நல்லதாயின் எதுவரை தேடலாம்? மறைந்தவர்கள் தம் வாழ்நாளில் மூடி வைத்ததைக் கிளறி எடுக்க நமக்கு உரிமை உண்டா? கண்டறிந்ததைக் கொண்டு நெஞ்சை நிமிர்த்தவோ, தலையைக் கவிழ்க்கவோ நியாயம் உண்டா? இவையே நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்விகள்.

நம் உறவுமுறைகளை வைத்து இதைப் பேசினால் யாராவது ஒருவர் மனம் நோகும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சும் எழும். ஆகையால் தூர தேசத்துக் குடும்பங்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன், ஐர்லாந்து கரைகளில் கோஸ்ட்கார்டு என்னும் கடலோரக் காவல் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களே அவை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஜனத்தொகைக் கணக்கு ஏடுகளைப் புரட்டித் தங்கள் வமிசத்தைத் தேடுகிறார்கள். அந்தத் தேட்டத்தில் நமக்கு உள்ள பாடம் பெரிது.

முதலில் அவர்கள் யார் என்று பார்ப்போம். அக்காலத்தில் பிரிட்டனில் தேயிலை, புகையிலை, பிராந்தி முதலிய சரக்குகளுக்குச் சுங்கவரி மிகக் கடுமை. வரி கடுமையானால் கள்ளக்கடத்தல் பெருகும் என்பது வியாபாரிகள் எவரும் அறிந்ததே. கரையோரக் கிராமங்களில் கடத்தல்காரனைக் குற்றவாளியென்று பலரும் எண்ணவில்லை. மலிவாகச் சரக்குக் கொண்டுவந்து தருபவன் என்றே எண்ணினார்கள். இதைத் தடுக்க 1809-ஆம் ஆண்டில் சர்க்கார் கடலோரத் தடுப்புக் காவல் ஒன்றை அமைத்தது. 1822-இல் அந்தக் காவலையும், சுங்கக் கப்பல்களையும், குதிரைமேல் ரோந்து சுற்றிய உத்தியோகஸ்தர்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுங்க இலாகாவின் கீழ் வைத்தது. அதுவே கோஸ்ட்கார்டு. 1856-இல் ஒரு சட்டம் செய்து அந்தப் படையைக் கடற்படைத் தலைமையின் கீழ் மாற்றியது.

கீழ்ப்படியில் இருப்பவர் படகுக்காரர். அவருக்கு மேலே நியமனப் படகுக்காரர், அவருக்கும் மேலே தலைமைப் படகுக்காரர், பிறகு நிலைய அதிகாரி. இரவெல்லாம் பாறைமேலும் மணலிலும் நடந்து காவல் காப்பதே இவர்கள் வேலை. புயலில் கப்பல் கரை தட்டி உடையும்போது, சிறு பீரங்கியாலும் ராக்கெட்டாலும் கயிற்றைக் கப்பலுக்கு எறிந்து அதிலுள்ளவர்களை உயிரோடு இழுத்துக் கரையேற்றியவர்களும் இவர்களே.

உள்ளூர்க்காரனைக் காவல் வைத்தால் அவன் தன் மைத்துனனைப் பிடிப்பானா? மாட்டான். ஆகவே சொந்த ஊருக்கு அருகில் வேலை தருவதில்லை என்பது படையின் பொது வழக்கம். ஓரிடத்தில் வேரூன்றிச் சிநேகம் பிடித்துவிடாதபடி சில வருஷங்களுக்கு ஒருமுறை இடமாற்றமும் உண்டு. போகுமிடமெல்லாம் ஜனங்கள் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். வீடு வாடகைக்குக் கிடைப்பதும் கஷ்டம். அதனால் பல இடங்களில் சர்க்காரே கடலைப் பார்த்த வரிசை வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. ஆக, காவலர் குடும்பம் எங்கு போனாலும் அயலூர்க் குடும்பம்.

இப்படி ஊர் ஊராகச் சுற்றிய குடும்பத்தை நூற்றைம்பது, நூற்றெண்பது வருஷங்களுக்குப் பிறகு எப்படித் தேடிப் பிடிப்பது? இதற்கு உதவுவது ஜனத்தொகைக் கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் 1841 முதல் பத்து வருஷங்களுக்கு ஒருமுறை எழுதிய கணக்குகளில் ஆளுக்கொரு வரியாகப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட இரவில் எந்த வீட்டில் எவர் தங்கினாரோ அவர் அந்த வீட்டுக் கணக்கில் சேருவார். 1851-இல் அந்த இரவு மார்ச் 30. அன்றிரவு வீட்டில் இல்லாதவரை எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் இரவு வேலைக்குப் போய்க் காலையில் திரும்புபவரை எழுதலாம் என்று விலக்கும் கொடுத்திருந்தார்கள். இருட்டில் கரைமேல் நடந்துகொண்டிருந்த காவலருடைய பெயர் மனைவி மக்களோடு ஏட்டில் சேர்ந்தது அந்த விலக்கினால் என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

தேடும் முறை பின்னிருந்து முன்னே போகாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும். கடைக்காரர் கணக்குப் பார்ப்பதும் அப்படியே அன்றோ? இன்றைய இருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேற்றைய பக்கத்தைப் புரட்டுகிறோம். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1861-ஆம் வருஷக் கணக்கில் நார்போக் கரையிலுள்ள ஒரு காவல் நிலைய வரிசை வீட்டில் ஒரு படகுக்காரர். வயது 38, பிறந்தது ஐர்லாந்து. மனைவிக்கு வயது 35, பிறந்தது டார்செட். மூத்த பிள்ளைக்கு 12, பிறந்தது டார்செட். அடுத்ததற்கு 9, கென்ட். அதற்கடுத்ததற்கு 5, ஐர்லாந்து. கைக்குழந்தைக்கு 1, நார்போக்.

இந்த ஆறு வரிகளைக் கொண்டே அவர்கள் போன வழியைத் தொடரலாம். டார்செட்டில் பணி செய்தபோது மணம் நடந்திருக்கலாம். பிறகு கென்ட், பிறகு கடல் தாண்டி ஐர்லாந்து, பிறகு நார்போக். 1851 மார்ச்சில் அவர்கள் டார்செட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது கென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்த வருஷத்து ஏட்டில் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும். உழவர் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளும் ஒரே ஊரில் பிறந்திருப்பார்கள். ஏடு அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. காவலர் குடும்பத்திலோ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மைல்கல்.

ஆனால் ஏட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1841 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதும்படி உத்தரவு. 34 வயதுக்காரர் 30 என்று எழுதப்பட்டார். வீட்டுத் தலைவருக்கு மற்றவர் என்ன முறை என்பதும் அதில் இல்லை. ஒரு வீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால் அவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று அந்த ஏட்டை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. பிறந்த ஊரும் இல்லை. அதே மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையேல் ஸ்காத்லாந்தா, ஐர்லாந்தா, அந்நிய நாடா என்பது மட்டுமே. 1851 முதல்தான் உறவுமுறையும் பிறந்த ஊரும் ஏட்டில் ஏறின. அப்போதும் ஐர்லாந்தில் பிறந்தவருக்கு நாட்டின் பெயரை எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மேலும், 1901 வரை இங்கிலாந்தில் நமக்குக் கிடைப்பவை வீட்டுக்காரர் எழுதிய தாள்கள் அல்ல. அவற்றைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் பிரதி செய்த ஏடுகள். 1911-இல்தான் வீட்டுக்காரரின் சொந்தக் கையெழுத்துத் தாள்கள் நிலைத்தன. கணக்குப்பிள்ளை எவ்வளவு யோக்கியனானாலும், சொன்னதைத்தான் எழுதுவான். சொன்னவர் தவறாகச் சொன்னால் ஏடும் தவறாகும். பத்து வருஷம் கழித்து வந்த கணக்கில் ஏழு வயது மட்டுமே கூடிய மாதரசிகளை அந்த ஏடுகளில் காணலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாமும் சில படிவங்களில் அப்படி எழுதியிருப்போம்.

இனி, ஏடே இல்லாமற் போனால் என்ன செய்வது? நம் கற்பனைப் படகுக்காரர் 1841-இல் 18 வயதுப் பையனாக ஐர்லாந்தில் இருந்திருப்பார். அங்கே போய்த் தேடினால் சாம்பல்தான் உண்டு. 1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, ஐர்லாந்து உள்நாட்டுச் சண்டையில், டப்ளின் நகரத்து போர் கோர்ட்ஸ் கட்டிடத்தோடு இருந்த பழைய தஸ்தாவேஜு நிலையம் தீப்பிடித்து வெடித்துப் போயிற்று. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்குகளும், சில துண்டுகள் தவிர, அதில் அழிந்தன. 1861, 1871 கணக்குகளை வேலை முடிந்ததும் சர்க்காரே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலக யுத்த காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. முழுதாக நின்றவை 1901, 1911 கணக்குகளே.

ஏடு என்றால் வெறும் பழங்கதை என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1908-இல் பிரிட்டிஷ் சர்க்கார் முதியோர் உதவிச் சட்டம் செய்தது. 1909 ஜனவரி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை உதவிப்பணம். அப்போது ஐர்லாந்தும் அந்த ஆட்சியில் இருந்தது. ஆனால் அங்கே எல்லாப் பிறப்புகளையும் சர்க்கார் பதிவு செய்யத் தொடங்கியது 1864-இல்தான். 70 வயதென்று அந்த ஏழைகள் எப்படி நிரூபிப்பார்கள்? 1841, 1851 கணக்குகளைத் தேடிப் பார்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். கைக்குழந்தையாக எழுதப்பட்ட ஒரு வரி, அறுபது எழுபது வருஷங்களுக்குப் பிறகு ஒரு கிழவியின் கஞ்சிக்கு வழி செய்தது. மூல ஏடுகள் எரிந்த பின்னும் அந்தத் தேடுதல் மனுக்கள் பல தப்பி நிற்கின்றன. பசிக்காக எழுதிய மனு, எரிந்த ஏட்டுக்குச் சாட்சியாயிற்று.

ஏடு எரிந்தால் வேறு ஏடு தேடுவார்கள். காவலர்களை எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு மாற்றினார்கள் என்று எழுதிய உத்தியோகப் பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோயிற்பற்று ஞானஸ்நான ஏடுகளும் உண்டு. ஆக, பொறுமையுள்ளவர் எப்படியும் கொஞ்ச தூரம் போய்விடுவார். இன்று யந்திர வசதியால் வீட்டில் இருந்தபடியே பார்க்கிறார்கள். 2002 ஜனவரியில் 1901 கணக்கைக் கணினி வழியாகத் திறந்தபோது, கூட்டம் தாளாமல் அது உடனே நின்றுபோயிற்று என்றால் ஜனங்களின் ஆசை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நம் கேள்விக்கு வருகிறோம். ஏட்டைத் திறந்தவர் வேண்டியதை மட்டும் காண்பதில்லை, வேண்டாததையும் காண்கிறார். 12 வயது மகன் என்று எழுதியிருக்கும் பையன் உண்மையில் வீட்டுத் தலைவரின் மணமாகாத மகளுக்குப் பிறந்தவன் என்பது மற்றொரு பதிவேட்டால் வெளியாகும். பெற்றோரின் மணத் தேதி மூத்த பிள்ளையின் பிறப்புக்குப் பின்னே நிற்கும். 1871 முதல் ஏட்டின் கடைசிப் பத்தியில் குருடு, செவிடு என்பவற்றோடு புத்தி மட்டு, பைத்தியம் என்பவற்றையும் எழுதச் சொன்னார்கள். தம் பிள்ளைக்கு அந்தச் சொல்லை எழுத எந்தத் தாய்க்குக் கை வரும்? பலர் எழுதவில்லை. சிலர் எழுதினார்கள். எழுதினவர்கள் வீட்டுத் துக்கம் இன்று எல்லோர் கண்ணிலும் படுகிறது.

“செத்தவர்களைச் சும்மா விடுங்கள்” என்பார் ஒருவர். “உண்மை உண்மைதானே, அதில் வெட்கமென்ன?” என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது?

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுவோம். நம் கடையில் வாப்பா காலத்துப் பேரேடுகள் சில இன்னும் இருக்கின்றன. ஒருநாள் ஒரு வாலிபர் வந்தார். அவருடைய பாட்டனார் நம் கடையில் பற்று வைத்திருந்தவராம். பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். பழைய கணக்கில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். தேடினோம். பெயர் இருந்தது. பெயரோடு ஊரும் இருந்தது. அதன் கீழே மூன்று வருஷத்துப் பாக்கியும், கேட்டனுப்பியும் வரவில்லை என்ற குறிப்பும் இருந்தன. கடைசியில் வாப்பா தம் கையாலேயே கோடு போட்டு, ‘விட்டுக்கொடுத்தது’ என்று எழுதியிருந்தார்கள்.

வாலிபருக்கு ஊர்ப் பெயரைச் சொன்னோம். பாக்கியைச் சொல்லவில்லை. ஏட்டை அவர் பக்கம் திருப்பவும் இல்லை. அவர் அந்த ஊருக்கு எழுதிப் பாட்டனாரின் சகோதரி மக்களைக் கண்டுகொண்டார். பலகாரப் பொட்டலத்தோடு வந்து நன்றி சொன்னார். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்குப் பாதி உண்மையைத்தானே கொடுத்தோம்? மீதியை மறைத்தது மோசம் இல்லையா?

யோசித்துப் பார்த்தோம். அந்தப் பாக்கியை உரியவரே விட்டுக்கொடுத்துவிட்டார். அதனால் எவருக்கும் சேர வேண்டியது ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் ஒரு பேரன் தலைகுனிவார். வேறு பலன் இல்லை. ஆனால் அதே ஏட்டில், அந்தப் பாட்டனாருக்கு நம் கடை கொடுக்க வேண்டிய தொகை ஒன்று நின்றிருக்குமானால்? அதை மறைப்பது திருட்டு. அப்போது வாய் மூடியிருப்பது மரியாதையாகாது. ஆகவே ஒரு தராசு நமக்குக் கிடைத்தது: மறைப்பதால் எவருடைய உரிமை கெடுகிறது? கெடும் என்றால் சொல்லியே ஆகவேண்டும். கெடாது என்றால், சொல்வதால் எவருக்கு நன்மை என்று பார்க்க வேண்டும். நன்மை இல்லாதபோது மௌனமே மேல். பொய் எழுதுவது வேறு. ஏட்டை மூடிவைப்பது வேறு. நாம் வாப்பாவின் ஏட்டில் ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை.

இதையே ஒரு சர்க்காரும் செய்தது என்று பின்னால் அறிந்து ஆச்சரியப்பட்டோம். இங்கிலாந்தில் ஜனக் கணக்கை நூறு வருஷம் மூடி வைப்பது முறை. 1911 கணக்கை 2009-இல் சற்று முன்கூட்டியே திறந்தார்கள். ஆனால் குருடு, பைத்தியம் முதலியவற்றை எழுதும் அந்தப் பத்தியை மட்டும் மறைத்துவிட்டுத் திறந்தார்கள். 2012 ஜனவரியில்தான் அந்தத் திரையை விலக்கினார்கள். ஊரைச் சொல்லலாம், துக்கத்தைச் சொல்லக் காத்திரு என்பதே அதன் பொருள். ஐர்லாந்திலோ 1911 கணக்கை 1961-லேயே திறந்துவிட்டார்கள். அதில் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது வயது 50. தம் வீட்டுச் சங்கதியை அயலார் படிப்பதை அவர் உயிரோடு பார்த்திருப்பார். எரிந்துபோனவை போக மிஞ்சினதையாவது ஜனங்கள் காணட்டும் என்பது நல்ல எண்ணமே. ஆனாலும் நூறு வருஷ முறையில் ஓர் இரக்கம் இருக்கிறது.

நம் தராசை மற்ற சங்கதிகளிலும் வைத்துப் பார்க்கலாம். முன்னோர் ஒருவருக்குத் தலைமுறைதோறும் தொடரும் நோய் இருந்தது என்று தெரிந்தால், இன்றுள்ள பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்; அது அவர்கள் உரிமை. பாட்டியென்று எண்ணியவர் உண்மையில் கொள்ளுப்பாட்டி என்று தெரிந்தால், கேட்கும் சந்ததியிடம் பொய் சொல்லக் கூடாது. ஆனால் கலியாண வீட்டில் நாலு பேர் சிரிக்க அதை எடுத்து வீசவும் கூடாது. மறைந்தவர் மறுமொழி சொல்ல வரமாட்டார். அவருடைய சங்கதி நம் கையில் இருக்கும் அமானிதம். அமானிதப் பொருளை விற்றுச் செலவு செய்வாருண்டோ?

அடுத்த கேள்வி பெருமை. ஒருவர் தேடிப் பார்த்துத் தம் முன்னோர் கடலோரக் காவலர் என்று கண்டார். உடைந்த கப்பலிலிருந்து பலரைக் காப்பாற்றியவர் என்றும் கண்டார். படத்தைச் சுவரில் மாட்டினார். நல்லதுதான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நமக்குத் தாய் தகப்பன் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்குமேல் 8, பிறகு 16, பிறகு 32, ஆறாம் படியில் 64. அந்த 64 பேரில் ஒருவர்தான் காவலர். மற்ற 63 பேர் எங்கே? அவர்களில் ஒருவர் அந்தக் காவலர் துரத்திய கடத்தல்காரராகவும் இருக்கலாம். காவலரின் மகள் கரையோரக் கிராமத்துப் பையனைக் கட்டியிருந்தால் அதில் அதிசயம் என்ன? மூட்டையின் வாயில் நல்ல அரிசியைப் பரப்பி அடியில் நொய்யை வைத்து விற்பவனை நாம் என்ன சொல்வோம்? 63 பேரை மறைத்து ஒருவரைக் காட்டுபவரும் அந்த வியாபாரத்தையே செய்கிறார்.

வெட்கத்துக்கும் இதே கணக்குத்தான். ஒரு பாட்டனார் செய்த குற்றத்துக்காகத் தலைகுனிபவர், மற்ற 63 பேரின் நன்மைக்காக ஏன் நிமிரவில்லை? தகப்பன் வாங்கிய கடனை மகன் தீர்ப்பது கடமை. தகப்பன் செய்த பிழைக்கு மகன் வெட்கப்படுவது கடமையாகாது. பிழைக்கு வாரிசு இல்லை, புகழுக்கும் இல்லை.

அப்படியானால் முன்னோரால் நமக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. 1846-இல் ஐர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, அங்கே கடலோரக் காவல் படையின் தலைமை அதிகாரியாயிருந்தவர் ஸர் ஜேம்ஸ் டோம்ப்ரெய்ன். ஜனங்கள் பட்டினியில் சாவதைக் கண்டு, மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், ஏழைகளுக்கு மாவை இலவசமாகக் கொடுக்கச் செய்தார். கஜானா அதிகாரிகள் அவரைக் கண்டித்தார்கள். முறைப்படி உள்ளூரில் நன்கொடை திரட்டியல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பசித்தவன் வாசலில் நிற்கும்போது விதி பார்ப்பதா, வயிறு பார்ப்பதா? அவர் வயிற்றைப் பார்த்தார். அந்தப் படையில் இருந்த ஒரு படகுக்காரரின் சந்ததி இதைப் படித்து, ‘எங்கள் ஆள்’ என்று மார்தட்டினால் அது வீண். ‘என் வாசலில் பசித்தவன் நின்றால் நான் எதைப் பார்ப்பேன்?’ என்று தன்னைக் கேட்டால் அது பயன். அந்தப் பயனை அடைய அவருக்குச் சந்ததியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாமும் அடையலாம்.

இன்னொரு பயனும் உண்டு. நம் மனத்தைத் தொட்டது அதுவே. அந்த ஏடுகளில் காவலரின் பெயருக்கு நேரே உத்தியோகம் எழுதியிருக்கும். மனைவியின் பெயருக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடம். அவள் ஒன்றும் செய்யவில்லை போலும்! பிள்ளைகளின் பிறந்த ஊர்ப் பத்தியைத் திரும்பவும் பாருங்கள். டார்செட், கென்ட், ஐர்லாந்து, நார்போக். ஒவ்வொரு ஊரும் அவள் பிரசவித்த ஊர். தாய் இல்லாத ஊர், தண்ணீர் கேட்டால் அயல்வீட்டுக்காரி யோசிக்கும் ஊர். புருஷன் இரவெல்லாம் கரைமேல் நிற்க, அவள் தனியே பிள்ளை பெற்று, அது தலை நிமிர்வதற்குள் மூட்டை கட்டி அடுத்த ஊருக்கு நடந்தாள். 1911 கணக்கில்தான் மணமான பெண்களிடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். அதற்கு முந்திய கணக்குகளில், இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே பிறந்து இறந்த பிள்ளை எந்த வரியிலும் இல்லை. தாயின் மனத்தில் மட்டும் இருந்தது.

தேடுபவர் இதைக் கண்டாரானால் அவர் தேட்டம் வீண் போகவில்லை என்போம். குலப் பெருமைக்காகத் தேடியவர் ஒரு பெயரோடு நின்றுவிடுவார். நன்றிக்காகத் தேடியவர் வெற்றிடத்தையும் படிப்பார். எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931 கணக்கு 1942-இல் தீயில் எரிந்துவிட்டது. 1941-இல் யுத்தத்தால் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே நூறு வருஷ முறைப்படி அடுத்த ஏடு 1951-ஐச் சேர்ந்தது, 2052-இல்தான் திறக்கும். எவ்வளவு கட்டுப்பாடான சர்க்காரானாலும் ஏடு எரியும், ஏடு நிற்கும். ஆனால் நம் வீட்டில் ஓர் ஏடு உண்டு. அது மூலையில் பாயில் அமர்ந்து வெற்றிலை இடிக்கிறது. நாம் அருகே போய் உட்கார்ந்தால் தானே திறக்கும். நூறு வருஷம் காக்க வேண்டியதில்லை. ஒருநாள் அதுவும் மூடிவிடும். பிறகு எந்தக் காப்பகத்திலும் அது கிடைக்காது.

ஆகையால் அன்பர்களே, இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பாட்டனார் பெயரோடு பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுதுங்கள். பிறந்து இறந்த பிள்ளைகளையும் எழுதுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். சொன்னவர் “இதை எழுதாதே” என்றால் பேனாவை மூடிவிடுங்கள். எழுதிய பின், பிரிந்து கிடக்கும் உறவு எது என்று பார்த்து ஒரு கடிதம் போடுங்கள்.

நாளைக்கு நம் பேரனை ஒருவர் திண்ணையிலிருந்து, “நீங்க யார் பேரன்?” என்று கேட்பார். அவன் நம் பெயரைச் சொல்லும்போது கேட்டவர் முகம் மலருவதும் சுருங்குவதும் அந்தப் பிள்ளை கையில் இல்லை. அது இன்று நம் கையில் இருக்கிறது.